மேடையில் இல்லாத அக்கா

ஜனவரி 12

அன்புள்ள டமாரத்துக்கு,

அக்கா எழுதுவது. நானும் அப்பாவும் இருக்கிறோம். ‘நலம்’ என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய், அதனால் இருக்கிறோம் என்றே எழுதுகிறேன்.

போனில் நீ கேட்டதற்கெல்லாம் அரைகுறையாகப் பதில் சொன்னேன் என்று கோபித்துக்கொள்ளாதே. போன் மணி அடித்தாலே அப்பா திடுக்கிடுகிறார். அதுவும் தவிர, போனில் நீ இரண்டாவது நிமிஷமே காமெடியனாகிவிடுகிறாய். எழுதினால்தான் தம்பியாக இருக்கிறாய். இனிமேல் எழுதிக்கொள்வோம்.

பக்கவாதத்தில் விழுந்த வலது கை அப்பாவுக்கு இன்னும் அசையவில்லை. ஏழெட்டு வார்த்தை திரும்பி வந்திருக்கிறது. தண்ணி, போதும், வேண்டாம், கதவு. முப்பது வருஷம் பஸ் ஓட்டியவருக்குக் கதவு சீக்கிரமே திரும்பி வந்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. புதிதாக ஒன்று நடக்கிறது, உட்கார்ந்துகொண்டு படி. அப்பா சிரிக்கிறார். ஆமாம், நம் அப்பாதான். பின்சீட்டில் நீ அடித்த கூத்துக்கெல்லாம் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காத அதே மனிதர். நேற்று டிவியில் வெள்ளத்தில் வீடு போனவர்களைக் காட்டினார்கள். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நான் பயந்துபோய் டாக்டரைக் கூப்பிட்டேன். “சிரிப்புக்கும் மனசுக்கும் நடுவுல இருக்கிற கம்பி அறுந்துபோச்சும்மா. அவர் சிரிச்சா சந்தோஷமா இருக்கார்னு நினைச்சுக்காதீங்க. அழ வேண்டிய இடத்துலயும் சிரிப்பு வரும்” என்றார்.

நீதிமன்றத்தில் விடுப்பு கிடைத்துவிட்டது. சரியாக ஒரு வருஷம். டிசம்பர் முதல் தேதி காலை நான் என் சுருக்கெழுத்து நோட்டோடு போய் உட்காராவிட்டால் அந்த நாற்காலி வேறு ஒருத்திக்குப் போய்விடும். ஆஸ்பத்திரி வராந்தாவில் நீ என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? “இந்த வருஷம் நீ பாருக்கா, அடுத்த வருஷம் நான் பாக்கிறேன். எழுதுற வேலையை எங்க உக்காந்தும் எழுதலாம். சத்தியமா வர்றேன்.” எனக்குச் சத்தியமெல்லாம் வேண்டாம். காலண்டரில் வட்டம் போட்டு வை, போதும்.

நேரத்துக்குச் சாப்பிடு. மேடையில் கையை ஆட்டாதே, பார்க்கிறவர்களுக்கு மயக்கம் வருகிறது.

உன் அக்கா

•

பிப்ரவரி 2

அக்காவே, நீதிமன்றப் பதிவேட்டில் ‘அவையில் சிரிப்பு’ என்று தட்டச்சு செய்து செய்தே தன் சிரிப்பைத் தொலைத்தவளே,

வட்டம் போட்டாயிற்று. சிவப்புப் பேனாவில். டிசம்பர் முதல் தேதி நான் அங்கே, நீ நாற்காலியில். நிம்மதியாக இரு.

என் கதையைக் கேட்கிறாயா? பகலில் சோப்பு விளம்பரத்துக்கு வசனம் எழுதுகிறேன். வாரம் ஒரு பத்தி ஒரு பத்திரிகைக்கு. சாயங்காலம் ஒரு காபிக்கடையின் கீழ்த்தளத்தில் ஐந்து நிமிஷம் பேச விடுகிறார்கள். இருபத்து மூன்று நாற்காலி. அதில் ஆறில் மற்ற காமெடியன்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் சிரிக்க மாட்டார்கள், தலையை மட்டும் ஆட்டுவார்கள். ஐந்து நிமிஷம் ஆனதும் பின்சுவரில் சிவப்பு விளக்கு எரியும். நேற்று எனக்கு நாலாவது நிமிஷமே எரிந்தது. கேட்டால், “உங்க நல்லதுக்குத்தான் தம்பி” என்கிறான் விளக்குக்காரன்.

அப்பாவைப் பற்றி நீ எழுதியதை நாலு தடவை படித்தேன். இன்னும் எழுது அக்கா. சிரிக்கும்போது சத்தம் எப்படி வருகிறது? கண்ணை மூடிக்கொள்வாரா? எதைப் பார்த்துச் சிரித்தார், அப்போது நீ என்ன செய்தாய், அப்புறம் என்ன சொன்னார்? சின்ன விஷயம்தானே என்று எதையும் விட்டுவிடாதே. இங்கே தனியாக உட்கார்ந்திருக்கிற எனக்கு அப்பாவைப் பக்கத்திலிருந்து பார்க்கிற மாதிரி இருக்கிறது.

இத்துடன் மூன்று ஜோக் வைத்திருக்கிறேன். வழக்கம்போலச் சிரிப்பு வந்த இடத்தில் கோடு போட்டு அனுப்பு.

உன் டமாரம்

•

மார்ச் 18

அன்புள்ள டமாரத்துக்கு,

மூன்று ஜோக்கில் ஒன்றுக்குத்தான் கோடு. அதுவும் பாதிக் கோடு. முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே.

உன் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக்காட்டினேன். “பாருங்கப்பா, உங்க சத்தம் எப்படி இருக்குன்னுகூடக் கேக்கிறான். உங்களை எவ்வளவு தேடுது பாருங்க அவனுக்கு” என்றேன். இடது கையால் கடிதத்தை வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். ஆகவே நீ கேட்டபடி ஒன்று விடாமல் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவுக்குச் சவரம். ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டு, கழுத்தில் துண்டைச் சுற்றி, நுரை தடவினேன். எதிர் வீட்டுப் பூனை மதிலில் ஏறப் பார்த்து வழுக்கி விழுந்தது. அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது சிரிப்பு. “அப்பா, அசையாதீங்க, ரேஸர் இருக்கு” என்று சொல்லி வாயை மூடுவதற்குள் மீசையில் இடது பாதி துண்டில் கிடக்கிறது. ஐம்பது வருஷ மீசை! பாதி மீசையோடு மனிதரை விட முடியுமா? “மன்னிச்சுக்கோங்கப்பா” என்று சொல்லி மீதியையும் எடுத்தேன். கண்ணாடியைக் காட்டினேன். தனக்கு முன்னால் யாரோ தெரியாத ஆள் உட்கார்ந்திருக்கிற மாதிரி, பஸ்ஸில் ஏறிய பயணியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு, “எங்க போகணும்?” என்று கேட்டார். நாலு மாதத்தில் முதல் முழு வாக்கியம். நான் தரையில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தேன். அவரும் சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் அவர் இடது கை நாற்காலிக் கையை இறுகப் பிடித்திருந்தது. அப்படிப் பிடித்தால் அது சிரிப்பு இல்லை. நான் நிறுத்திவிட்டு அவர் முகத்தைத் துடைத்தேன்.

இதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல இங்கே யார் இருக்கிறார்கள்? உன்னிடம் சொன்னதும் பாரம் கொஞ்சம் குறைந்தது. நீ கேட்கிறாய் என்பதே எனக்குப் பெரிய தெம்பு, தெரியுமா?

உன் அக்கா

•

மே 6

அக்கா!

இந்தக் கடிதத்தை நின்றுகொண்டே எழுதுகிறேன், உட்கார முடியவில்லை. ஒரு சின்ன அரங்கில் எனக்கு முழுசாக ஒரு மணி நேரம் கொடுத்திருக்கிறார்கள். தனி ஆளாக. சுவரொட்டியில் என் மூஞ்சி மட்டும். முதல் நாள் நூற்றுப் பத்துப் பேர். கடைசியில் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஒரு அம்மா வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். சோப்புக் கம்பெனிக்குக் கும்பிடு போட்டுவிட்டேன்.

நிகழ்ச்சியில் நம் வீட்டு வாசனை கொஞ்சம் இருக்கும். பெரிதாக ஒன்றும் இல்லை. வீடியோ வரும்போது நானே அனுப்புகிறேன், அதுவரை யார் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாதே.

அப்பா எப்படி? பிசியோதெரபி அம்மாவைப் பார்த்து ஏதோ சொன்னார் என்று ஏப்ரலில் எழுதினாயே, சரியாக என்ன சொன்னார்? அந்த வார்த்தையை அப்படியே எழுது.

உன் டமாரம்

•

ஆகஸ்ட் 9

தம்பிக்கு,

நேற்று மருந்துக்கடைக்குப் போனேன். அந்தக் கடைக்காரரை உனக்குத் தெரியாது. எட்டு மாதமாக வாரம் தவறாமல் என் கையில்தான் அப்பாவின் மாத்திரைப் பொட்டலத்தைக் கொடுக்கிறார். நேற்று பொட்டலத்தைக் கட்டிக்கொண்டே, “தம்பி வெளியூர் போயிருக்காராம்மா? அவரை மாத்திவிட நீங்க வந்தீங்களா?” என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. “என்னம்மா நீங்க, உங்க வீட்டு விஷயம் ஊருக்கே தெரியும், உங்களுக்குத் தெரியலையா?” என்று போனை எடுத்து என் முன்னால் வைத்தார். உன் நிகழ்ச்சி வீடியோ, பதினோரு நிமிஷம். எனக்குப் பின்னால் மூன்று பேர் வரிசையில் நின்றார்கள். அவர்களும் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள்.

நுரை, துண்டு, பூனை, பாதி மீசை, எங்க போகணும். நாற்காலிக் கையைப் பிடித்த இடது கைகூட இருந்தது. அந்த இடத்தில் நீ குரலைத் தாழ்த்திக் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாய், அரங்கமே அடங்கியது. நான் எழுதிய ஒரு வார்த்தையைக்கூட நீ மாற்றவில்லை. ஆளை மட்டும் மாற்றினாய். ரேஸர் உன் கையில். தரையில் உட்கார்ந்து சிரித்தது நீ. முகத்தைத் துடைத்தது நீ. “அம்மா போனப்புறம் எங்க வீட்ல நானும் அப்பாவும் மட்டும்தாங்க” என்கிறாய். அப்படியானால் இந்த வீட்டில் காலையிலிருந்து படுக்கை விரிப்பை அலசிக்கொண்டிருக்கிறவள் யார்?

பதினேழு வருஷம் நீதிமன்றத்தில் மற்றவர்கள் பேச்சை எழுதியிருக்கிறேன். பொய்ச் சாட்சி சொல்கிறவர்களை நிறையக் கேட்டிருக்கிறேன். எங்கேயாவது ஒரு இடத்தில் தடுமாறுவார்கள். நீ தடுமாறவே இல்லை.

அதைவிட எனக்கு எது தாங்க முடியவில்லை தெரியுமா? உன் கேள்விகள். சத்தம் எப்படி, கண்ணை மூடுவாரா, அந்த வார்த்தையை அப்படியே எழுது. நான் அதைப் பாசம் என்று நினைத்தேன். அப்பாவிடம் படித்துக்காட்டினேன். முட்டாள்போல அவருக்கும் நம்பிக்கை கொடுத்தேன்.

உன் கடிதம் இன்னும் அவர் தலையணைக்கு அடியில்தான் இருக்கிறது.

அக்கா

•

ஆகஸ்ட் 20

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் கிடைத்தது. நானே சொல்லியிருக்க வேண்டும். ஒவ்வொரு வாரமும் சொல்லத்தான் நினைத்தேன், தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்துவிட்டேன். மன்னித்துவிடு.

ஆனால் தொழிலைப் பற்றி ஒன்று சொல்கிறேன், கோபப்படாமல் கேள். முதலில் நான் “எங்க அக்கா அப்பாவுக்குச் சவரம் பண்ணாங்க” என்றுதான் ஆரம்பித்தேன். நம்பு. அதே காபிக்கடையில் நாலு தடவை சொல்லிப் பார்த்தேன். ஒரு ஈ காக்கைகூடச் சிரிக்கவில்லை. அக்காவுக்கு நடந்தது என்றால் கேட்கிறவன், ‘அப்போ நீ எங்கடா இருந்தே?’ என்று என்னைப் பார்க்கிறான். மேடையில் நிற்கிறவன் தனக்கு நடந்ததாகச் சொன்னால்தான் சிரிப்பு வரும். ஐந்தாவது நாள் ‘நான்’ என்று மாற்றினேன். கூரை பறந்தது. எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள் அக்கா. அது மேடையில் இருக்கிற ‘நான்’. அது நானே இல்லை.

அவரும் என் அப்பாதானே? எனக்கும் அந்தத் துக்கத்தில் பங்கு இல்லையா?

உன் டமாரம்

•

செப்டம்பர் 3

தம்பிக்கு,

‘அப்போ நீ எங்கடா இருந்தே?’ என்று கேட்டார்களே, அவர்கள் நல்லவர்கள். நானே உன்னிடம் அதைக் கேட்டதில்லை.

துக்கத்தில் பங்கு வேண்டும் என்கிறாய். தாராளமாக எடுத்துக்கொள். மேடையில் நீயே அப்பாவைப் பார்த்துக்கொண்டதாக இருக்கட்டும், நான் வாயைத் திறக்க மாட்டேன். மருந்துக்கடைக்காரரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. டிசம்பர் முதல் தேதி வந்துவிடு. அதற்கப்புறம் நீ சொல்வது உண்மையாகிவிடும், எனக்கும் உன்மேல் கோபம் இருக்காது. நீதிமன்றத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. விடுப்பை ஒரு நாள்கூட நீட்டிக்க மாட்டார்களாம்.

அப்பாவுக்கு மீசை முழுசாக வளர்ந்துவிட்டது. காலையில் இடது கையால் தானே சீவிக்கொள்கிறார்.

அக்கா

•

அக்டோபர் 25

அன்புள்ள அக்கா,

பெரிய சேதி. நிகழ்ச்சியைப் படம் பிடிக்கப்போகிறார்கள், உலகம் முழுக்கப் போகும். நவம்பர் இருபதாம் தேதி மாலை, நம் ஊர்ப் பெரிய அரங்கிலேயே! நான்தான் அடம்பிடித்து அங்கே வைத்தேன். எதற்கு? அப்பா முதல் வரிசையில் உட்கார வேண்டும். கடைசியில் கேமரா அவர் பக்கம் திரும்பும். வண்டி வாசலுக்கே வரும். அவருக்கு ஒரு சிரமமும் இருக்காது.

இரண்டு சின்ன உதவி வேண்டும். எப்படி எழுதுவது என்று மூன்று தாளைக் கிழித்துப் போட்டேன். கதையில் அப்பாவுக்கு மீசை இல்லை. அந்த மீசை திரும்பி வரவே இல்லை என்றுதான் முடிக்கிறேன், அதற்குத்தான் எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள். மீசையோடு அவரைக் காட்டினால் மொத்தமும் படுத்துவிடும். அதனால் அன்று காலையில் மட்டும் அதை எடுத்துவிடு, அக்கா. முடிதானே, வளர்ந்துவிடும்.

இன்னொன்று. அப்பாவுக்குப் பக்கத்தில் ஒருவர் இருந்தே ஆக வேண்டும், நீதான் இருக்க வேண்டும். ஆனால் கதையில் அக்கா இல்லை அல்லவா? டைரக்டர் ஒரு வெள்ளை உடை அனுப்புவார். நர்ஸ் மாதிரி. ஒரு இரண்டு மணி நேரம்தான். நம் இரண்டு பேருக்குள்ளே இருக்கட்டும்.

டிசம்பர் கொஞ்சம் தள்ளிப்போகும்போல இருக்கிறது. படம் வந்ததும் ஊர் ஊராகப் போக வேண்டும் என்கிறார்கள். நீதிமன்றத்தில் உன்னை யாராவது விட்டுவிடுவார்களா? இன்னொரு தடவை கேட்டுப் பார்.

உன் டமாரம்

•

நவம்பர் 4

தம்பிக்கு,

உன் கடிதத்தை அப்பாவுக்கு முழுசாகப் படித்துக்காட்டினேன். வழக்கம்போல. மறைக்க எனக்கு மனம் வரவில்லை, அவர் மீசையைப் பற்றிய கடிதம் அது.

மீசை என்ற இடம் வந்ததும் இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டார். “வேண்டாம்” என்றார். நர்ஸ் என்ற இடத்தில் என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார், வெகுநேரம் நிற்கவில்லை. அது எந்தச் சிரிப்பு என்று எனக்குத் தெரியும். உனக்குச் சொல்ல மாட்டேன்.

இருபதாம் தேதி நாங்கள் வரவில்லை. வண்டி அனுப்பாதே. உடையும் அனுப்பாதே.

என்னை ஒரு கதையிலிருந்து எடுத்தாய், பொறுத்தேன். இப்போது என்னிடமே வந்து, இந்த வீட்டில் நீ வேலைக்கு வந்தவள் என்று நடி என்கிறாய். இதை எப்படியடா எழுதினாய்? மூன்று தாளைக் கிழித்தாயே, நாலாவதையும் கிழித்திருக்கக்கூடாதா? உனக்குச் சட்டை போட்டுவிட்டு, தலை வாரிவிட்டு, உன் முதல் ஜோக் யாருக்கும் புரியாதபோது நான்தானேடா உட்கார்ந்து கேட்டேன்.

டிசம்பர் முதல் தேதி காலை ஒன்பது மணிக்கு நான் வேலையில் இருப்பேன். எனக்கு முப்பத்தெட்டு வயதாகிறது, இந்த நாற்காலி போனால் வேறு நாற்காலி கிடையாது. அப்பாவும் “போ” என்றுவிட்டார். புது வார்த்தை. நீதான் அவரைப் பார்த்துக்கொள்கிறாய் என்று ஊருக்கே தெரியும். வந்து பார்த்துக்கொள்.

அக்கா

•

நவம்பர் 24

அன்புள்ள அக்கா,

நீ வராதது எனக்கு எவ்வளவு பெரிய அவமானம் என்று உனக்குத் தெரியாது. முதல் வரிசையில் காலி நாற்காலி. டைரக்டர் என்னைக் கொன்றுவிடுவதுபோலப் பார்த்தார். அந்தச் சமயத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அப்பா வரமுடியாத நிலைமையில் இருக்கிறார் என்றேன். அரங்கம் அழுதது. ஒருவிதத்தில் அதுவே நன்றாக அமைந்துவிட்டது என்று டைரக்டரும் சொன்னார். சரி, போகட்டும்.

டிசம்பரில் நான் எட்டு ஊரில் பேசுகிறேன், ஒன்றையும் ரத்து செய்ய முடியாது. உன்னைக் கைவிட மாட்டேன். உண்மையான நர்ஸ் ஒருவரை ஏற்பாடு செய்திருக்கிறேன். அனுபவசாலி. ஒன்றாம் தேதி காலை ஏழரைக்கு வீட்டில் இருப்பார், சாயங்காலம் நீ வரும்வரை இருப்பார். இனி நீயும் நிம்மதியாக வேலைக்குப் போகலாம். இது போதாதா?

புத்தகமும் எழுதச் சொல்கிறார்கள். நர்ஸ் வந்ததும் அப்பா அவரை எப்படி எடுத்துக்கொண்டார், என்ன சொன்னார் என்று விவரமாக எழுது. சும்மா, எனக்காக.

உன் டமாரம்

•

டிசம்பர் 2

தம்பிக்கு,

அப்பா என்ன சொன்னார் என்று கேட்டிருந்தாய். அப்பா சொல்வதை இனி நான் உனக்கு எழுத மாட்டேன். இங்கே வந்தால் உனக்கே கேட்கும். வீட்டுக் கதவை உனக்கு யாரும் சாத்தவில்லை. நீ கடிதம் போட்டால் அவருக்குப் படித்துக்காட்டுவேன், அது அவருடைய உரிமை. பதிலை என்னிடம் எதிர்பார்க்காதே. நர்ஸ் வந்த விவரத்தை மட்டும் எழுதி முடிக்கிறேன்.

ஏழரைக்குச் சரியாக மணி அடித்தார். ஐம்பது வயது இருக்கும், கையில் ஒரு பை, காலில் ரப்பர் செருப்பு. நான் வேலைக்குக் கிளம்பி நின்றேன். உள்ளே வந்ததும் கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “அந்த வீடியோல சொன்ன மாதிரியே இருக்கும்மா. ஜன்னல், அந்த நாற்காலி, எதிர்த்த மதில்” என்றார். அப்பாவுக்கு வணக்கம் சொன்னார். மாத்திரை அட்டவணையைக் காட்டினேன், எந்தப் பக்கம் பிடித்துத் தூக்க வேண்டும் என்று காட்டினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். நல்ல மனுஷி.

பிறகு உள்ளறைப் பக்கம் எட்டிப் பார்த்து, “தம்பி எங்கம்மா? எந்திரிக்கலையா இன்னும்? அவரைப் பாக்கணும்னுதான் இந்த வேலைக்கே ஒத்துக்கிட்டேன். இந்தக் காலத்துல பெத்த அப்பாவை இப்படிப் பாத்துக்கிற பிள்ளை யாரு இருக்கா?” என்றார்.

“அந்தப் பிள்ளை நான்தாங்க” என்றேன்.

அவர் நான் வேடிக்கையாகப் பேசுகிறேன் என்று சிரித்தார். அட்டவணையில் இருந்த என் கையெழுத்தைப் பார்த்தார். அப்பா என் முந்தானையை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தார். சிரிப்பை நிறுத்திவிட்டு, பையைக் கீழே வைத்து, “நேரமாகுது பாருங்க, நீங்க கிளம்புங்கம்மா” என்றார்.

ஒன்பது மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

அக்கா